ஜாக்கி ஜோடி மேல பழி போடாதீங்க

முன்குறிப்பு: காசு வெச்சு சீட்டாடச் சொல்லும் பதிவு இல்லை இது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரித்துப் பார்க்காமல் தடை செய்கிறது. எங்கள் விடுதியில் ஓடுவது புளியங்கொட்டை போக்கர். பந்தயம் பரோட்டா. அதுவும் பந்தயம்தானே என்று கேட்கப்போகும் சட்டக் கல்லூரி நண்பர்களுக்கு: யார் ஜெயித்தாலும் கடைசியில் எல்லாரும் சேர்ந்துதான் பிய்த்துத் தின்றோம். :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

போன வாரம் மறுபடியும் அந்த வசனத்தைக் கேட்டேன். விடுதி வராண்டாவில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள. முதலாமாண்டுப் பையன் ஒருவன் ரெண்டு ஜாக்கி வைத்திருந்து தோற்றுவிட்டான். பக்கத்தில் இருந்த பெரியவர் (இறுதியாண்டு வந்துவிட்டால் இங்கே பெரியவர்தான்) அவன் தோளைத் தட்டிச் சொன்னார்: "தம்பி, ஜாக்கி ஜோடியை மூணு விதமா ஆடலாம். மூணுமே தப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். உலகம் பூரா போக்கர் மேஜைகளில் அரைத்துப் புளித்த ஜோக் இது. நானும் ரெண்டு வருஷம் இதைச் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது கேட்டால் எரிச்சலாக வருகிறது. ஏன் எரிச்சல் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். டெக்சாஸ் ஹோல்டெம் போக்கரில் ஆளுக்கு ரெண்டு சீட்டு, கவிழ்த்து. பிறகு நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கப்படும்: முதலில் மூன்று (இதுதான் ஃப்ளாப்), அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துப் பார்த்து ஜெயித்தவர் யார் என்று முடிவாகும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் ஏற்றலாம், ஈடு கட்டலாம், சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ரெண்டு பேர் கட்டாயமாகக் கொஞ்சம் போட வேண்டும். அது ப்ளைண்ட். டோர்னமென்ட் என்றால் நேரம் ஆக ஆக ப்ளைண்ட் ஏறும், கையிருப்பு தீர்ந்தவன் எழுந்து போக வேண்டும், கடைசி வரை நின்றவர்களுக்கு மட்டும் பரிசு.

இதில் கையில் ஜோடியாக வருவது நல்லது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, அதற்கடுத்து ஜாக்கி ஜோடி. பதின்மூன்று ஜோடிகளில் நாலாவது ரேங்க். வகுப்பில் நாலாவது ரேங்க் எடுத்தவனை யாராவது மக்கு என்பார்களா? ஆனால் இந்த நாலாவது ரேங்க்காரனைத்தான் எல்லாரும் சனியன் என்கிறார்கள்.

முதலில் எண்களைப் பார்ப்போம். எதிரில் ஒரே ஆள், அவன் கையில் என்ன இருக்கிறதென்று ஒன்றுமே தெரியாது என்றால், ஜாக்கி ஜோடி 100-க்கு 77 முறை ஜெயிக்கும். எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் 57 முறை. ஏஸும் ஜாக்கியை விடச் சின்னதாக ஒன்றும் இருந்தால் 70 சொச்சம். அவனிடம் நம்மைவிடச் சின்ன ஜோடி இருந்தால் 80-க்குக் கொஞ்சம் மேலே. பெரிய ஜோடி இருந்தால்தான் மாட்டினோம், 18 அல்லது 19 முறைதான். ஒன்பது பேர் மேஜையில் மற்ற எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடம் பெரிய ஜோடி இருக்க எத்தனை வாய்ப்பு? ஏறக்குறைய 11 சதவீதம். அதாவது பத்தில் ஒன்பது முறைக்குக் கொஞ்சம் குறைவாக, சீட்டு போட்ட அந்த நிமிஷத்தில் மேஜையிலேயே பெரிய ஜோடி உங்களுடையதுதான்.

பிறகு எப்படிக் கெட்ட பெயர் வந்தது? ஃப்ளாப்தான் காரணம். ஜாக்கி ஜோடி கையில் இருக்கும்போது, நடுவில் விழும் முதல் மூன்று சீட்டில் ராணியோ ராஜாவோ ஏஸோ ஒன்றாவது வர 57 சதவீத வாய்ப்பு. ராணி ஜோடிக்கு இதே பயம் 41 சதவீதம்தான், ராஜா ஜோடிக்கு 23. பாதிக்கு மேல் பயம், பாதிக்குக் கீழ் பயம் என்ற எல்லைக்கோடு ராணிக்கும் ஜாக்கிக்கும் நடுவில் ஓடுகிறது. ராணி வைத்திருப்பவன் பெரும்பாலும் நிம்மதியாக ஃப்ளாப்பைப் பார்க்கிறான். ஜாக்கி வைத்திருப்பவனுக்குப் பெரும்பாலும் வயிற்றில் புளி கரைகிறது. பத்து ஜோடிக்கு இந்த வாய்ப்பு கிட்டத்தட்ட 70, இன்னும் மோசம். ஆனால் பத்து ஜோடியை யாரும் கல்யாணக் கனவோடு கையில் எடுப்பதில்லை. ஜாக்கியில் படம் இருக்கிறது பாருங்கள், மீசையோடு. அதனால் நம்பிக்கை அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

ஆனால் பயமும் தோல்வியும் ஒன்றா? ஃப்ளாப்பில் ஒரு ஏஸ் விழுந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒருவனுக்குக் கொடுத்த ரெண்டு சீட்டில் இன்னொரு ஏஸ் இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்றுதான். நீங்கள் ஏற்றிய பந்தயத்துக்கு ஈடு கட்டி நிற்பவனிடம் அது இன்னும் கொஞ்சம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். எதிரில் மூன்று பேர் நின்றால் நிச்சயம் கவலைப்பட வேண்டும். ஒரே ஆள் நின்றால், ஒரு சின்னப் பந்தயம் போட்டுப் பார்க்கலாம், அல்லது சும்மா தட்டிவிட்டு அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கலாம். அவன் மறுபடி மறுபடி ஏற்றினால் ஒதுங்கலாம். ஏஸைப் பார்த்த உடனே சீட்டை வீசிவிடுவதும் தப்பு, "நான் ஜாக்கி வெச்சிருக்கேன்ல" என்று மூன்று சுற்றும் கொட்டுவதும் தப்பு. இதைத்தான் அந்த ஜோக் "மூணும் தப்பு" என்று சொல்லிக் கைகழுவுகிறது. யோசிக்க வேண்டிய இடத்தில் யோசிக்காமல் இருக்க ஒரு சாக்கு.

இப்போது எங்கள் பரோட்டா கோப்பைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய செமஸ்டர் விடுமுறை. ஊருக்குப் போகாமல் தங்கிவிட்ட பத்துப் பேர். ஆளுக்கு 30 புளியங்கொட்டை, ஆளுக்கு ரெண்டு பரோட்டாவுக்கான காசு. முதல் பரிசு 10 பரோட்டா, ரெண்டாவது 6, மூன்றாவது 4. மற்ற ஏழு பேருக்குச் சால்னா வாசனை.

ஆறு பேர் மிச்சம் இருந்தபோது எனக்கு ஜாக்கி ஜோடி வந்தது. ப்ளைண்ட் 3-ம் 6-ம். என் கையிருப்பு 48 கொட்டை, அதாவது பெரிய ப்ளைண்ட் மாதிரி எட்டு மடங்குதான். முதலில் பேச வேண்டியவன் நான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு... கவிழ்த்துவிட்டேன். பயம். பரிசுக்கு இன்னும் மூன்று பேர் போக வேண்டும், எதற்கு வம்பு என்று. மற்ற ரெண்டு பேர் ஆடினார்கள். ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்தது. ஒருவன் ஏஸைக் காட்டி அள்ளிக்கொண்டு போனான். நான் கவிழ்த்த சீட்டைத் திருப்பிக் காட்டினேன். "டேய், செம்ம டா! நல்லவேளை போட்டே" என்று முதுகில் தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசி மூன்று பேரில் நான், என் அறைத்தோழன், அப்புறம் ஒரு சீனியர் அண்ணன். மூன்று பேரிடமும் ஏறக்குறைய நூறு நூறு கொட்டை. ப்ளைண்ட் 5-ம் 10-ம். அண்ணன் கடந்த ஆறு ஆட்டத்தில் நாலு தடவை மொத்தத்தையும் நடுவில் தள்ளி எங்களைப் பயமுறுத்தி ப்ளைண்டை அள்ளியிருந்தார். அஞ்சாவது தடவையும் தள்ளினார். என் அறைத்தோழன் சீட்டைப் பார்த்தான். ஒரு நிமிஷம் முழுசாக உட்கார்ந்திருந்தான், உதடு அசைந்தது, கணக்குப் போட்டிருக்கிறான். "வர்றேண்ணே" என்று மொத்தத்தையும் தள்ளினான். நான் ஒதுங்கினேன். அவனிடம் ஜாக்கி ஜோடி. அண்ணனிடம் ஏஸும் எட்டும். ஃப்ளாப்பில் ஒன்றுமில்லை. நாலாவது சீட்டு ஏஸ்.

அவன் மூன்றாவது. நாலு பரோட்டா. நான் அதற்கப்புறம் ஒன்றுமே செய்யாமல் தேய்ந்து தேய்ந்து ரெண்டாவது வந்து ஆறு பரோட்டா வாங்கினேன். அன்று ராத்திரி அவனுக்கு "ஜாக்கி" என்று பெயர் வைத்தாயிற்று. "பேசாம கவிழ்த்திருந்தா உனக்கு ஆறு பரோட்டாடா. அப்பவே சொன்னேன்ல?" என்று ஆளாளுக்கு. யாரும் அப்பவே சொல்லவில்லை. அப்போது எல்லாரும் வாயைத் திறந்து சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்தது யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

இனிமேல் வருவதுதான் இந்தப் பதிவின் முக்கியமான பகுதி. நான் ஆடியது தப்பு, அவன் ஆடியது சரி. ரெண்டையும் கணக்கில் காட்டுகிறேன்.

என்னுடையது முதலில். எட்டு மடங்கு ப்ளைண்ட் கையிருப்போடு ஜாக்கி ஜோடி வந்தால் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை, மொத்தமும் நடுவில். எதிரில் ஐந்து பேர். அவர்களில் ஒருவரிடமாவது பெரிய ஜோடி இருக்க வாய்ப்பு 7 சதவீதம். எல்லாரும் ஒதுங்கினால் நடுவில் கிடக்கும் 9 கொட்டை சும்மா கிடைக்கும். 48 கொட்டைக்காரனுக்கு அது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். யாராவது வந்தாலும் பெரும்பாலும் நான்தான் முன்னே. இந்த வாய்ப்பை விட்டுவிட்டு எதற்குக் காத்திருந்தேன்? ஏஸ் ஜோடிக்கா? எந்த ஒரு குறிப்பிட்ட ஜோடியும் 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் வரும். எட்டு மடங்கு கையிருப்பு வைத்திருப்பவனை ப்ளைண்டே ஐந்தாறு சுற்றில் தின்றுவிடும். உயிரோடு இருந்தால் உப்பு விற்றாவது பிழைக்கலாம் என்கிற ஞானம் டோர்னமென்டில் பாதி உண்மை. உயிரோடு இருப்பதற்கே இங்கே ஒவ்வொரு சுற்றும் வாடகை.

எனக்கு விழுந்த பாராட்டு ஃப்ளாப்பில் விழுந்த ஏஸுக்கு. என் முடிவுக்கு இல்லை. அந்த ஏஸ் வருமென்று எனக்குத் தெரியாது.

இப்போது அவனுடையது. டோர்னமென்டில் கொட்டைக்கும் பரோட்டாவுக்கும் நேர் விகிதம் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள். மூன்று பேரிடமும் நூறு நூறு இருந்தால் ஆளுக்கு மதிப்பு மொத்தப் பரிசில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6.67 பரோட்டா. அவன் ஜெயித்து 200 ஆக்கினால்? எதிரில் நான் நூறோடு இருப்பேன். கையிருப்பு விகிதப்படி அவன் முதல் பரிசு வாங்க மூன்றில் ரெண்டு வாய்ப்பு, ரெண்டாம் பரிசுக்கு மூன்றில் ஒன்று. மதிப்பு 8.67 பரோட்டா. தோற்றால் 4. ஆக ஜெயித்தால் லாபம் 2 பரோட்டா, தோற்றால் நஷ்டம் 2.67. கொட்டை ரெண்டு மடங்கானாலும் பரோட்டா ரெண்டு மடங்காகவில்லை பார்த்தீர்களா? போக்கர்காரர்கள் இந்த முறைக்கு ஐ.சி.எம். என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் அவன் ஈடு கட்டுவது நியாயமாக வேண்டுமானால் 100-க்கு குறைந்தது 57 முறையாவது ஜெயிக்க வேண்டும். (நடுவில் ஏற்கெனவே கிடந்த ப்ளைண்டைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையும். எளிமைக்காக விடுகிறேன்.) பணத்துக்கு ஆடும் சாதாரண ஆட்டமாக இருந்தால் 50 போதும். டோர்னமென்ட் அந்த ஏழு சதவீதத்தைக் கூடுதலாகக் கேட்கிறது. தற்செயலாகவோ என்னவோ, ஏஸ்-ராஜாவுக்கு எதிராக ஜாக்கி ஜோடியின் வாய்ப்பும் அதே 57. அதாவது எதிராளி தன் ஏஸ்-ராஜாவைத் திறந்து காட்டிவிட்டே தள்ளினாலும், அந்த இடத்தில் ஜாக்கிக்காரனுக்குப் போவதும் ஒன்று, போகாததும் ஒன்று!

ஆக, கேள்வி "ஜாக்கி நல்ல கையா?" என்பதே இல்லை. "இந்த ஆள் என்னென்ன சீட்டுக்கெல்லாம் மொத்தத்தையும் தள்ளுவான்?" என்பதுதான். ராணி, ராஜா, ஏஸ் ஜோடிகளும் ஏஸ்-ராஜாவும் வந்தால் மட்டுமே தள்ளும் பொறுமைசாலி என்றால், அவனுக்கு எதிராக ஜாக்கியின் வாய்ப்பு 36 சதவீதம்தான். கவிழ்த்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பத்து ஜோடிக்கும் ஏஸ்-ராணிக்கும்கூடத் தள்ளுவான் என்றால் 47. ஒன்பது, எட்டு ஜோடிகளையும் சேர்த்தால் 53. ஏழில் அஞ்சு தடவை தள்ளிய எங்கள் அண்ணன் மாதிரி ஆள் என்றால், எந்த ஜோடி, எந்த ஏஸ், எந்த ரெண்டு பெரிய சீட்டு வந்தாலும் தள்ளுவார். நான் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன், 67 வருகிறது. தேவை 57. இருப்பது 67. என் அறைத்தோழன் அந்த ஒரு நிமிஷத்தில் உதட்டை அசைத்து இதைத்தான் ஏதோ ஒரு மாதிரி கணக்குப் போட்டிருக்கிறான். அவன் போட்டது சரி.

அதே ஜாக்கி, அதே நாற்காலி, அதே பரிசு. எதிரில் உட்கார்ந்த ஆள் மாறினால் சரியான பதில் தலைகீழாக மாறுகிறது. பொறுமைசாலியிடம் ஈடு கட்டியிருந்தால் நானே அவனைத் திட்டியிருப்பேன், அவன் ஜெயித்திருந்தாலும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தானே முதலில் தள்ளுவதும், இன்னொருவன் தள்ளியதற்கு ஈடு கட்டுவதும் வேறு வேறு. முதலில் தள்ளினால் ஜெயிக்க ரெண்டு வழி: எதிராளி ஒதுங்கலாம், அல்லது சீட்டு திறந்து நாம் ஜெயிக்கலாம். ஈடு கட்டுபவனுக்கு ரெண்டாவது வழி மட்டும்தான். அதனால் ஈடு கட்ட இன்னும் நல்ல கை வேண்டும். டேவிட் ஸ்க்லான்ஸ்கி தன் டோர்னமென்ட் புத்தகத்தில் இந்த இடைவெளிக்குத் தனியாகப் பெயரே வைத்து எழுதியிருக்கிறார். ஆரம்பச் சுற்றுகளில், எல்லாரிடமும் நூறு மடங்கு கையிருப்பு இருக்கும்போது ஜாக்கியோடு மொத்தத்தையும் தள்ளுவது அநாவசியம். அளவாக ஏற்றுங்கள், ஃப்ளாப் பாருங்கள். அங்கே மூன்றாவது முறை ஒருவன் திரும்ப ஏற்றினால் அந்த 36 சதவீதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு பத்துப் பதினைந்து மடங்குக்கு இறங்கியபின் பரிசுக்கட்டம் இன்னும் தூரம் என்றால் தயங்காமல் தள்ளுங்கள். மூணும் தப்பு இல்லை ஐயா. மூணும் அதனதன் இடத்தில் சரி.

"விடுதி வராண்டாவை விட்டு வெளியே வா" என்பவர்களுக்காக லாஸ் வேகாஸ் போகலாம். அங்கே 1970-லிருந்து நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். 2023-ல் 10,043 பேர் ஆடினார்கள், ஜெயித்தவருக்கு 1 கோடியே 21 லட்சம் டாலர். இதே போட்டியில் 2009-ல் நடந்த கதை ஒன்று. 6,494 பேரில் கடைசி ஐந்து பேர். ஜெஃப் ஷுல்மன் கையில் ஜாக்கி ஜோடி. ஜோ கேடா என்ற 21 வயதுப் பையன் கையில் மூன்று ஜோடி. கேடாவின் மொத்தக் கையிருப்பும் நடுவில். ஷுல்மனுக்கு 80 சதவீதம். ஃப்ளாப்பில் இன்னொரு மூன்று விழுந்தது. ஷுல்மன் ஐந்தாவதாக வெளியேறினார். கேடா அதற்கப்புறம் ரெண்டு ஜோடியை வைத்து இன்னொருவரின் ராணி ஜோடியையும் அதே மாதிரி வீழ்த்தி, உலகப் பட்டத்தையும் 85 லட்சம் டாலரையும் வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பட்டத்தை வாங்கியவர்களிலேயே மிக இளையவர்.

ஷுல்மன் செய்த தப்பு என்ன? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் போக்கர் வாத்தியார்களையும் பின்னால் நிறுத்தி வைத்துக் கேட்டிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள். 80 சதவீதம் என்றால் ஐந்தில் ஒருமுறை தோற்கும் என்று அர்த்தம். அந்த ஒருமுறை உலக இறுதிச் சுற்றில் வந்தது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். "சதவீதத்தைத் தின்ன முடியுமா? பரோட்டாவைத்தானே தின்ன முடியும்? முடிவுதானே கணக்கு?" முடிவு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே ஒரு முடிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் கை இது. ஒரு ராத்திரி முழுக்க நூற்றைம்பது ஆட்டம் ஆடினாலும் ஒருமுறைகூட வராமல் போகலாம். ஒரு வருஷத்தில் நமக்கு வந்த ஜாக்கி ஜோடிகளை விரல் விட்டு எண்ணலாம். அதிலும் ஜெயித்தவை நினைவில் இல்லை, ஏனென்றால் ஜெயித்தபோது பெரும்பாலும் எல்லாரும் ஒதுங்கிவிட, சின்னதாக ப்ளைண்டை அள்ளிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டோம். தோற்றவை மட்டும் கல்வெட்டு. இந்தக் கல்வெட்டைப் படித்துவிட்டுத்தான் பெரியவர்கள் தம்பிகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

இதே காரணத்துக்காக எதிர்ப்பக்கத்து ஆட்களோடும் எனக்குச் சண்டை உண்டு. போக்கர் முழுக்க முழுக்கத் திறமை ஆட்டம் என்று முன்பு விளம்பரம் செய்தார்களே, அவர்களோடு. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழக அரசின் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று பட்டியல் போட்டதை மட்டும் ரத்து செய்தது. திறமை இருக்கிறது, மேலே நான் போட்ட கணக்கே சாட்சி. ஆனால் அந்தத் திறமை ஒரு ராத்திரியில் தெரியாது, ஒரு மாதச் சம்பளத்துக்குள்ளும் தெரியாது. சரியாக ஆடியும் ஐந்தில் ஒருமுறை, மூன்றில் ஒருமுறை தோற்கும் கையை வைத்துக்கொண்டு, கடன் வாங்கி உட்கார்ந்தவனிடம் "உன் திறமையை நம்பு" என்று சொன்னது அயோக்கியத்தனம். கணக்கு பலிக்கும் வரை அவன் கையில் காசு இருக்காது. எங்களுக்குப் போனால் புளியங்கொட்டை.

இனி சீட்டை விட்டு ஒரு பத்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அறைத்தோழன் அந்த ராத்திரிக்கு அப்புறம் மாறிவிட்டான். ஆட்டத்தில் யாராவது மொத்தத்தையும் தள்ளினால் சீட்டைப் பார்க்காமலே கவிழ்ப்பான். கேட்டால் "எனக்கு ராசியில்லை மாப்ள" என்பான். கணக்கு தெரிந்த ஒரே ஆள் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டான். போன வருஷம் கேம்பஸ் வேலைக்கு ஆள் எடுக்க வந்தபோது, கிடைத்த ஒரு சின்ன வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுத்துத் தேர்வில் தேறியிருந்த இன்னொரு இடத்துக்கு நேர்முகம் போனான். அங்கே கடைசிச் சுற்றில் போய்விட்டது. திரும்பி வந்த அன்று மாலையே வராண்டாவில் அதே குரல்கள்: "ஜாக்கி மறுபடி ஜாக்கி ஆயிட்டான். அப்பவே சொன்னேன்." ராத்திரி விளக்கணைத்தபின் அவன் கேட்டான்: "உண்மையைச் சொல்லுடா, நான் எடுக்கிற முடிவெல்லாம் தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவன் எடுத்த முடிவு சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டுமானால் கேட்டிருக்க வேண்டும்: அன்றைக்கு உன் கையில் என்ன இருந்தது, எதிரில் யார், போனால் என்ன நஷ்டம், வந்தால் என்ன லாபம், வீட்டில் எத்தனை மாதம் தாங்கும். ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கிடைக்கவில்லை என்ற ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, நான் வைத்த பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒரு ஏஸ் வந்து என்னைப் புத்திசாலி ஆக்கியது. இன்னொரு ஏஸ் வந்து அவனை முட்டாள் ஆக்கியது. ரெண்டு பட்டத்தையும் உண்மை என்று நம்பியதுதான் எங்கள் தப்பு.

அதனால் அடுத்தமுறை யாராவது ஜாக்கி ஜோடியோடு தோற்றால், அந்த ஜோக்கைச் சொல்லாதீர்கள். "எதிரில் யாருடா? அவன் என்னென்னவுக்கு வருவான்னு நினைச்சே? எத்தனை பேர் மிச்சம்?" என்று கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் "நல்லா ஆடினே" என்று சொல்லுங்கள், அவன் வெறுங்கையோடு எழுந்து போனாலும். பதில் தப்பாக இருந்தால் திட்டுங்கள், அவன் பத்துப் பரோட்டா ஜெயித்திருந்தாலும்.

போன வாரம் தோற்ற அந்த முதலாமாண்டுப் பையனிடம் நான் அப்படித்தான் கேட்டேன். ஏழு பேர் மிச்சம், அவனிடம் ஒன்பது மடங்கு ப்ளைண்ட், முதலில் தள்ளியது அவன்தான். "சரியாத்தான்டா ஆடியிருக்கே" என்றேன். நம்பாமல் பார்த்தான். அப்புறம் மாடிக்குப் போய் என் அறைத்தோழனை எழுப்பி, ரெண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். 57, 67. அவன் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அன்னைக்கு 65-னு போட்டேன்" என்றான்.

பி.கு.: இந்த சனிக்கிழமை ராத்திரி அடுத்த பரோட்டா கோப்பை. அவன் பேர் கொடுத்திருக்கிறான். பட்டியலில் அவனுடைய சொந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.